சலூன்காரர் வரிசையில் நிற்கிறார்

ஏதென்ஸைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பும்போது என் சிநேகிதன் ஆர்கிரிஸின் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கையோ அரை முதுகோ தெரிந்தால் அது நான்தான். என் பெயர் மினாஸ். கட்டாய ராணுவ சேவைக்கு வந்தவர்களில் பனைமரமாக வளர்ந்தவர்களை நாடாளுமன்றத்துக்கு முன்னால் காவலுக்கு நிறுத்தினார்கள். வளர்த்தி போதாத என்னை அந்தக் காவலர்களுக்குக் காவலாகப் போட்டார்கள்.

பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நிற்பார்கள். தோள்வரை தொங்கும் கறுப்புக் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி, மடிப்பு மடிப்பான குட்டைப் பாவாடை, வெள்ளைக் காலுறை, ஆணி அடித்த கனத்த செருப்பு. நின்றால் ஒரு மணி நேரத்துக்கு அசையக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் அதன் தயவில்தான் அவன் பிழைப்பு. வியர்வையைத் துடைப்பது, குஞ்சத்தைச் சரிசெய்வது, புறாவை விரட்டுவது, கட்டிப்பிடிக்க வரும் சுற்றுலாப் பயணிகளைத் தள்ளி நிற்கச் சொல்வது எல்லாம் என் வேலை. அவன் சிலை, நான் அவன் வாய். கேள்வி கேட்டால் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுவான், ஆமாம். இரண்டு தடவை சிமிட்டினால் இல்லை. தலைபோகிற அவசரம் என்றால் துப்பாக்கிக் கட்டையைத் தரையில் ஓங்கி அடிப்பான், நான் ஓட வேண்டும்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும் என்று சொன்னால் பொய். மனிதர்களை எனக்குக் கும்பலாகப் பிடிக்காது. அதிலும் கையில் செல்பிக் குச்சி வைத்திருக்கும் கும்பல் கண்ணில் பட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு மே மாதத்து வெயில். வரிசை நன்றாக நீண்டிருந்தது. ஒவ்வொருவராக வந்து, ஆர்கிரிஸுக்குப் பக்கத்தில் ஓர் அடி விட்டு நின்று, பல்லைக் காட்டி, படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். தொப்பி போட்ட ஒரு ஜெர்மன் குடும்பம் போனதும் அறுபதை நெருங்கிய ஒருவர் வந்து நின்றார். முழுக்கைச் சட்டை, படிய வாரிய தலை, காதோரம் அளவெடுத்த மாதிரி சவரம். எதிரே ஓர் அம்மா கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். இவர் கேமராவைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தபடி, உதடு அசையாமல் பேசினார்.

“ஃபோனை ஏன்டா எடுக்க மாட்டேங்கற?”

காவலர்களைச் சிரிக்க வைக்கவென்றே சிலர் வருவார்கள். அந்த ரகம் என்று நினைத்து நான் குறுக்கே போனேன்.

“ஐயா, காவல்ல இருக்கறவர்கிட்ட பேசக் கூடாது.”

“நான் எங்க தம்பி அவன்கிட்ட பேசினேன்? கேமராகிட்டல்ல பேசறேன்.”

“உங்களுக்கு அவரைத் தெரியுமா?”

“என் மூக்கைப் பாரு, அவன் மூக்கைப் பாரு. அப்புறம் கேளு.”

பார்த்தேன். ஒரே அச்சில் வார்த்த இரண்டு மூக்குகள். நான் ஆர்கிரிஸின் குஞ்சத்தைச் சரிசெய்கிற பாவனையில் அவன் காதருகே போனேன்.

“உங்கப்பாவாடா?”

ஒரு சிமிட்டல்.

“அனுப்பிடவா?”

நான் கேட்டு முடிப்பதற்குள் ஒரு சிமிட்டல்.

எனக்குக் கொஞ்சம் தெரியும். ராணுவக் கொட்டடியில் அவன் கட்டில் எனக்கு மேல் கட்டில். அம்மா செத்துப்போன கையோடு சொந்த ஊரான திரிக்கலாவை விட்டு ஏதென்ஸுக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்துகொண்டவன். அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. போன வருஷக் கடைசியில் அப்பா போன் செய்து, பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் எவாந்தியாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாராம். “தனியா இருக்கற ஆளுன்னு தெரிஞ்சதும் கவுன்டர்ல உக்காந்துகிட்டே வலை போட்டுட்டா” என்று ஆர்கிரிஸ் பொருமுவான். அன்றிலிருந்து அப்பாவின் எண்ணைப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான்.

“ஐயா, படம் எடுத்தாச்சு. அடுத்தவங்களுக்கு வழி விடுங்க” என்றேன்.

“விடறேன் தம்பி, தாராளமா விடறேன்” என்று நகர்ந்தவர், நேராகப் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.

வரிசையில் நிற்கிறவரைப் போகச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. ஒருவர் எத்தனை படம் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை, எழுதி வைத்திருக்கலாம். இரண்டாவது தடவை அவர் முறை வந்தது. வந்தார், நின்றார், சிரித்தார்.

“சனிக்கிழமை கல்யாணம்டா. பாதிரியாருக்குச் சொல்லியாச்சு, ஆட்டுக்குட்டிக்குச் சொல்லியாச்சு, கிளாரினெட் ஊதறவனுக்கும் சொல்லியாச்சு. பெத்த பிள்ளைக்குச் சொல்லத்தான் வழியில்ல.”

“ஐயா.”

“போறேன், போறேன்.”

மூன்றாவது தடவை வருவதற்குள் வரிசையில் இருந்தவர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கிரேக்க மொழியில் ஒரு சொல் தெரியாத ஜனங்கள். ஆனாலும் மூக்கைப் பார்த்தால் தெரியாதா? ஒரு பிரேசில்காரப் பெண் அவரைத் தனக்கு முன்னால் விட்டாள். ஒரு கொரியப் பையன் தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். தொடர் நாடகத்தின் அடுத்த பாகத்துக்குக் காத்திருப்பதுபோல் எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“அவ என்ன சொல்லிட்டா தெரியுமா?” என்றார் அப்பா, பல்லைக் காட்டியபடி. “பையன் சம்மதிச்சு வந்து நின்னாத்தான் கல்யாணம், இல்லேன்னா வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுட்டா. அவ பேச்சு மாத்தறவ இல்லடா. எட்டு மணி பஸ்ஸுன்னா எட்டு மணிக்குத்தான், மேயரே ஓடி வந்தாலும் நிக்காது. இப்ப என் கல்யாணம் உன் கையில இருக்கு.”

ஆர்கிரிஸின் முகம் பளிங்கு. கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கியது. துடைத்துவிட்டேன்.

“வரிசைல பாதி ஆள் நீங்கதான் ஐயா” என்று அப்பாவை ஓரமாக ஒதுக்கிக்கொண்டுபோய்ச் சொன்னேன். “என் வேலைக்கு வேட்டு வச்சுடுவீங்க போலிருக்கே. அவன் டியூட்டி முடிஞ்சு பேசக் கூடாதா?”

“முடிஞ்சா நிப்பானா? நீ சின்னப் பையன், உனக்குத் தெரியாது. நான் திரிக்கலால சலூன் வச்சிருக்கேன், பேரு ஸ்தேர்ஜியோஸ். வந்து பாரு, பெரிய கடை. கழுத்தைச் சுத்தித் துணியக் கட்டி, கத்திய எடுத்துட்டு, அசையாதீங்கன்னு சொல்லித்தான் எனக்குப் பேசிப் பழக்கம். ஊர்ல ஒருத்தன் எந்திரிச்சுப் போனதில்ல. இவன் ஒருத்தன்தான் நான் வாயத் திறந்தா கதவத் திறப்பான். அம்மா செத்தப்பவும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். இன்னிக்கு மாட்டினான்ல?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. பெற்ற பிள்ளையிடம் நாலு வார்த்தை பேச ஒரு மனிதர் இப்படி உலகத்துக்கு முன்னால் கூத்தாட வேண்டுமா?

நான்காவது தடவை வந்தபோது சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்.

“உங்கம்மாவே இருந்திருந்தா, தனியாக் கிடக்காதேன்னு எனக்குச் சொல்லியிருப்பா.”

ஆர்கிரிஸின் கண் சிவந்தது. நான் ஓடினேன்.

“போகச் சொல்லவா?”

ஒரு சிமிட்டல். கன்னமே இறுகிப்போகிற மாதிரி ஒரு சிமிட்டல். அதை அப்பாவும் பார்த்துவிட்டார். என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று.

அதே நேரம் பார்த்து, படிக்கட்டுக்கு மேலே மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தபடி அவர்களுடைய சுற்றுலா வழிகாட்டிப் பெண் கத்தினாள். “திரிக்கலாக்காரங்க எல்லாரும் வாங்க! அக்ரோபோலிஸ் மலைக்கு நம்ம நேரம் வந்தாச்சு. பஸ்ஸை ரோட்டுல நிறுத்தி வைக்க முடியாது!”

“அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்றேன்” என்று அப்பா அவளைப் பார்த்து ஓடினார். அந்த வயசுக்கு நன்றாகவே ஓடினார்.

அதுவரை படம் எடுத்துக்கொண்டிருந்த அம்மா அங்கேயே நின்றார். எவாந்தியா அவர்தான் என்று எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனால் ஆர்கிரிஸ் சொல்லிச் சொல்லி என் மனசில் இருந்தவள் வேறு ஆள், சிவப்பு நகமும் வளையல் சத்தமுமாக ஒருத்தி. இவர் கருநீல கவுன் போட்டு, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மலை ஏறுவதற்கென்று வாங்கிய புத்தம்புது வெள்ளை ஷூ. இத்தனை தடவை படம் எடுத்தும் வரிசைக்குள் ஒரு தடவைகூட வரவில்லை. இப்போது வந்து நின்றார். தன் முறைக்காகக் காத்திருந்தார். பிரேசில்காரி வழி விட்டபோதும் முந்தவில்லை.

முறை வந்ததும் கைபேசியை என்னிடம் நீட்டினார். “தம்பி, ஒரு படம் எடுத்துத் தர முடியுமா?”

படம் எடுப்பது என் வேலை இல்லை. வாங்கிக்கொண்டேன்.

அவர் ஆர்கிரிஸிடமிருந்து ஓர் அடிக்கும் அதிகமாகத் தள்ளியே நின்றார். சிரிக்க முயற்சி செய்யவில்லை.

“பயப்படாதப்பா, நான் எதுவும் கேக்க வரல” என்றார். “ஒண்ண மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன். உங்கப்பா என்னைப் பாக்கத்தான் கவுன்டருக்கு வந்துட்டு இருந்தார்னு நீ நினைக்கற. அவர் உன்னைப் பாக்க வந்தவரு. வெள்ளிக்கிழமை ஆனா ஏதென்ஸுக்கு ஒரு டிக்கெட் வாங்குவார். சனிக்கிழமை காலைல சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, கையில பலகாரப் பெட்டியோட வருவார். பஸ் கிளம்பற நேரத்துல டிக்கெட்டத் திருப்பி என்கிட்டயே நீட்டுவார். பையனுக்கு வேலை இருக்காம்னுவார். இடுப்பு வலின்னுவார். மழை வரும் போலிருக்குன்னுவார். வெயில் கொளுத்திக்கிட்டிருக்கும்.”

நான் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன்.

“அப்படியே ரெண்டு வருஷம் ஓடிச்சு. ஒரு நாள் எனக்கே தாங்கல. நீங்க வந்து நின்னா அவன் கதவத் திறக்க மாட்டான்னு பயமான்னு கேட்டுட்டேன். பின்னாடி அத்தனை பேர் டிக்கெட்டுக்கு நிக்கறாங்க, இந்த மனுஷன் கவுன்டரப் பிடிச்சுக்கிட்டு அழுதார். நான் ஜன்னல மூடிட்டு, வெளிய கூட்டிட்டுப் போய் ஒரு காபி வாங்கிக் குடுத்தேன். அந்தப் பலகாரத்த ரெண்டு பேரும் சாப்பிட்டோம். எங்க கதை அவ்வளவுதான்.”

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“எனக்குக் கல்யாணம் வேணாம்னு இன்னிக்கே அவர்கிட்ட சொல்லிடறேன். என்னால அப்பனும் பிள்ளையும் பிரிஞ்சாங்கன்னு எனக்கு வேண்டாம். நீ ஃபோனை மட்டும் எடு, போதும். படம் எடுத்தாச்சா தம்பி?”

நான் எடுக்க மறந்துபோயிருந்தேன். “எடுத்தாச்சும்மா” என்று பொய் சொல்லிக் கைபேசியைக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் படிக்கட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். புது ஷூ கடித்திருக்க வேண்டும், ஒரு காலைச் சற்று இழுத்து இழுத்து நடந்தார்.

டங்கென்று ஒரு சத்தம்.

சதுக்கத்துப் புறாக்கள் மொத்தமும் எழும்பின. வரிசை இரண்டடி பின்னால் போயிற்று. ஆர்கிரிஸ் துப்பாக்கிக் கட்டையைப் பளிங்கில் அடித்திருந்தான். எதிர்ப்பக்கக் காவலன்கூட அசையாமலே திடுக்கிட்டான், அது எப்படி என்று எங்களுக்குத்தான் தெரியும்.

“என்னடா? யாராவது தொட்டாங்களா?”

இரண்டு சிமிட்டல்.

“தண்ணியா? தலை சுத்துதா?”

இரண்டு. மறுபடியும் இரண்டு. கண் முழுக்க நீர்.

“கண்ணுல வேர்வை போயிடுச்சா?” என்று கைக்குட்டையை எடுத்தேன்.

இரண்டு சிமிட்டல். சிமிட்டிய வேகத்தில் நீர் கன்னத்தில் இறங்கியது. அவன் பார்வை என் தலைக்கு மேலே போய், படிக்கட்டில் நின்றது.

“அந்தம்மாவக் கூப்பிடணுமா?”

ஒரு சிமிட்டல்.

நான் மரியாதையெல்லாம் மறந்து, நாடாளுமன்ற வாசலில் நின்று கத்தினேன். “எவாந்தியாம்மா! நில்லுங்க!”

அவர் திரும்பினார். மூச்சிரைக்க அருகே போனேன்.

“என்ன சொல்றான்?”

“அவன் எங்கம்மா சொல்ல முடியும்? நிக்கச் சொல்றான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மாத்துக் காவல் வர்ற வரைக்கும்.”

அதற்குள் அப்பா வியர்த்து வழிந்துகொண்டு வந்து சேர்ந்தார். “வா எவாந்தியா, ஓடு. பஸ் கிளம்புது. நேரம் தப்பினா மேல விடமாட்டாங்களாம். சின்ன வயசிலேர்ந்து பாக்கணும் பாக்கணும்னியே.”

“உங்க பையன் நிக்கச் சொல்லியிருக்கான்.”

அப்பா முகத்து வியர்வையைத் துடைத்தார். “எதுக்காம்? திட்டறதுக்கா?”

“தெரியல.”

“அப்ப அக்ரோபோலிஸ்?”

“அது எங்க எந்திரிச்சா போயிடப் போவுது? இத்தனை ஆயிரம் வருஷமா அங்கதான கிடக்கு” என்று சொல்லி, எவாந்தியா பளிங்குத் திட்டில் உட்கார்ந்து ஷூ நாடாவைத் தளர்த்திக்கொண்டார். மஞ்சள் குடை மேலே நாலைந்து தடவை ஆடிப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது.

அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நீ கேட்டுச் சொல்லேன். நல்லதா கெட்டதா, அது மட்டும்.”

கேட்டிருக்கலாம். ஒரு சிமிட்டலில் தெரிந்துபோயிருக்கும். ஆனால் கெட்டதாக இருந்து, அதைத் தெரிந்துகொண்டு இந்த மனுஷர் முகத்தை எப்படிப் பார்ப்பது? எனக்கு அந்தத் தைரியம் இல்லை. “அதெல்லாம் விதியில இடமில்ல ஐயா” என்று சொல்லிவிட்டேன். அவர் போய் எள்ளு ரொட்டி வளையம் ஒன்றை வாங்கிவந்து, தின்ன மறந்து, பிய்த்துப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். புறாக்களுக்குக் கொண்டாட்டம். வரிசையும் கலையவில்லை. பிரேசில்காரி எவாந்தியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் குதிகாலுக்கு ஒட்டுப்போடப் பிளாஸ்திரி எடுத்துக் கொடுத்தாள். இந்தக் கும்பலிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

மாற்றுக் காவலர்கள் வந்தார்கள். காலை மெல்லத் தூக்கி, ஆகாயத்தில் நிறுத்தி, மெல்ல இறக்குகிற அந்த நடை பார்க்க அழகுதான். அவசரத்தில் இருக்கிறவனுக்கு அது சித்திரவதை. ஆர்கிரிஸ் இடம் மாறி, காவலர் வரிசையில் சேர்ந்து, பக்கத்துத் தோட்டத்தின் வேலியோரமாகக் கொட்டடியை நோக்கி நடந்தான். நடைபாதையில் அப்பாவும் எவாந்தியாவும் அதே வேகத்தில் நடந்தார்கள். அவன் கால் ஆகாயத்தில் நிற்கும்போதெல்லாம் அப்பாவும் நின்றார். கிச்சிலி மரத்தடியில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் இந்த ஊர்வலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கொட்டடி வாசலுக்குள் கால் வைத்ததும்தான் முகத்தை அசைக்கலாம். ஆர்கிரிஸ் தாடையை இரண்டு பக்கமும் ஆட்டினான். மூக்கைச் சொறிந்துகொண்டான். பிறகு திரும்பி, கம்பிக் கதவுக்கு வந்தான். கதவுக்கு வெளியே எவாந்தியா. அப்பா அவருக்குப் பின்னால், பாதி மறைந்து நின்றார்.

“டேய்...” என்று அப்பா ஆரம்பித்தார்.

ஆர்கிரிஸ் கையைக் காட்டி நிறுத்தினான். எவாந்தியாவைப் பார்த்தான்.

“வெள்ளிக்கிழமை எனக்கு லீவு இருக்கு. சாயங்காலம் திரிக்கலாவுக்கு எத்தனை மணிக்கு பஸ்?”

எவாந்தியா யோசிக்கக்கூட இல்லை, கவுன்டர் குரலில் சொன்னார். “நாலரைக்கு ஒண்ணு. அத விட்டா ஏழு மணி.”

“நாலரைக்கே ஒரு டிக்கெட் போட்டுடுங்க” என்றான். எவாந்தியாவின் தோளுக்கு மேலாக அப்பாவைப் பார்த்தான்.

“திருப்பித் தர மாட்டேன்ப்பா.”